ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் ‘கல்வி’ தலைப்பு: மரபுத்தொடர்களும் பள்ளிக்கூட ஆங்கிலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிப்பு, பள்ளி, ஆசிரியர், தேர்வு ஆகியவை, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ்ஸின் பேச்சுத் தேர்வில் அடிக்கடி வரும் தலைப்புகள். எல்லோருக்கும் சொல்ல விஷயம் இருக்கும், அதனால் எளிது என்று நினைப்போம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் படித்தவர்கள் வழுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான். நம் பள்ளிக்கூட ஆங்கிலம் நமக்கு மட்டுமே புரிகிற ஆங்கிலமாக இருப்பது ஒரு காரணம். யூடியூபில் பார்த்து உருப்போட்ட மரபுத்தொடர்களைத் தேவையில்லாத இடத்தில் செருகுவது இன்னொரு காரணம். ஆங்கிலத் தொடர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

மரபுத்தொடர் சொன்னால் பேண்ட் ஏறுமா?

பேண்ட் என்பது இந்தத் தேர்வில் தரும் மதிப்பெண் நிலை. மரபுத்தொடரால் அது தானாக ஏறாது. பேச்சுத் தேர்வில் நான்கு அளவுகோல்கள்: தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம எடை. மரபுத்தொடர் தொடுவது இரண்டாவதை மட்டும்தான்.

பேண்ட் 7-க்கான விளக்கத்தில் ‘இடியமேடிக்’ என்ற சொல் வருகிறது. அதைப் பார்த்துத்தான் பலர் ‘இடியம்’ பட்டியலைத் தேடி ஓடுகிறார்கள். அங்கே அந்தச் சொல்லின் பொருள் அகலமானது. தாய்மொழியாகப் பேசுபவர்கள் சொற்களை இயல்பாகச் சேர்க்கும் விதம் முழுவதும் அதில் அடங்கும். ‘ஹேண்ட் இன் அன் அசைன்மென்ட்’, ‘ஃபால் பிஹைண்ட்’, ‘கேட்ச் அப்’, ‘டிராப் அவுட்’, ‘பிரஷ் அப் ஆன் மை இங்கிலீஷ்’, ‘மீட் எ டெட்லைன்’ எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். இவை வாயில் சரளமாக வந்தால் ‘பர்ன் தி மிட்நைட் ஆயில்’ இல்லாமலே 7 எட்டலாம். இவை வராமல் மிட்நைட் ஆயில் மட்டும் வந்தால், ஒட்டவைத்தது என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

எத்தனை மரபுத்தொடர் போதும்?

மொத்தத் தேர்வே 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதி 4–5 நிமிடம். இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் தயாரித்து ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். மூன்றாம் பகுதி மறுபடியும் 4–5 நிமிடம். இவ்வளவு நேரத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று போதும் என்பது எங்கள் கணிப்பு. ஒரே பதிலில் இரண்டு வந்தாலே நாடக வசனம் போல ஒலிக்கும்.

எந்தத் தொடரை எந்த இடத்தில் சொல்வது?

தேர்வுக்கு முன் கண்விழித்துப் படித்ததைச் சொல்ல ‘பர்ன் தி மிட்நைட் ஆயில்’. நடுவில் ‘தி’ விடுபடக் கூடாது. இதையும் ‘பர்ன் தி கேண்டில் அட் போத் எண்ட்ஸ்’ என்பதையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டாவது, இரவு நெடுநேரம் விழித்து, விடியலிலும் எழுந்து, உடம்பைக் கெடுத்துக்கொள்வது. அது பெருமையாகச் சொல்லும் தொடர் அல்ல.

தேர்வறையில் ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை என்றால் ‘மை மைண்ட் வென்ட் பிளாங்க்’. ‘ஐ ட்ரூ எ பிளாங்க்’ என்பது, குறிப்பிட்ட ஒன்றை நினைவுபடுத்தவோ தேடவோ முயன்று கிடைக்காமல் போவது. பழைய லாட்டரியில் பரிசில்லாத வெற்றுச் சீட்டை எடுத்ததிலிருந்து வந்தது. ‘டிரா’வின் இறந்தகாலம் ‘ட்ரூ’. ‘டிரான் எ பிளாங்க்’ என்று சொல்லி இலக்கணத்திலும் மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள்.

நன்றாகத் தேறியதற்கு ‘பாஸ்டு வித் ஃப்ளையிங் கலர்ஸ்’. கலர்ஸ் என்பது இங்கே கப்பலின் கொடி. வென்ற கப்பல் கொடி பறக்கத் துறைமுகம் திரும்பும் படம். அதனால் எப்போதும் பன்மைதான். பெரும்பாலும் ‘பாஸ்’ என்ற வினையோடு சேர்ப்பார்கள், ‘ஐ காட் ஃப்ளையிங் கலர்ஸ்’ என்று கிடையாது. 62 சதவீதம் வாங்கியதற்கு இதைச் சொன்னால் பொருந்தாது. ‘ஐ ஸ்கிரேப்டு த்ரூ’ என்பது தட்டுத்தடுமாறித் தேறியதற்கு. தன் குறையைச் சிரித்துக்கொண்டே சொல்பவரின் ஆங்கிலம் உண்மையாக ஒலிக்கும், அதனால் இந்தத் தொடரை நாங்கள் அதிகம் பரிந்துரைக்கிறோம்.

‘லேர்ன் தி ரோப்ஸ்’ பாடம் படிப்பதற்கு ஆகாது. இது பாய்மரக் கப்பலில் கயிறுகளைக் கையாளக் கற்றுக்கொண்ட மாலுமிகளிடமிருந்து வந்தது. புது வேலை, புது இடம், அதன் நடைமுறை பழகுவதற்கே சொல்வார்கள். ‘ஐ லேர்ன்ட் தி ரோப்ஸ் ஆஃப் பிசிக்ஸ்’ என்பது தவறு. ‘எ சீனியர் கலீக் ஷோட் மீ தி ரோப்ஸ்’ சரி. பாடம் பிடிபட ஆரம்பித்ததைச் சொல்ல ‘ஐ காட் தி ஹேங் ஆஃப் இட்’ இருக்கிறது. கல்வித் தலைப்பில் ஒன்றே ஒன்றுதான் கற்பீர்கள் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். சைக்கிள், கால்குலஸ், சமையல் எதற்கும் பொருந்தும்.

‘ஸ்டீப் லேர்னிங் கர்வ்’ குறைந்த காலத்தில் நிறையக் கற்க வேண்டிய கடினமான நிலை. வரைபடத்தில் செங்குத்தாக ஏறும் கோடு வேகமாகக் கற்பதைத்தானே காட்டும் என்று கணக்கு தெரிந்தவர்கள் முணுமுணுப்பார்கள். அவர்கள் சொல்வது நியாயமே, ஆனாலும் பேச்சு வழக்கு அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது எதில் கவனம் வேண்டும்?

‘உங்களுக்குப் பிடித்த ஆசிரியரை விவரியுங்கள்’ என்பது இரண்டாம் பகுதியில் வழக்கமாக வரும் தலைப்பு அட்டை. நன்றியோடு ‘ஹி டாட் மீ எ லெஸன்’ என்பார்கள். அப்படிச் சொன்னால் அவர் உங்களைத் தண்டித்தார் என்று பொருள். தமிழில் ‘அவனுக்குப் பாடம் புகட்டினேன்’ என்கிறோமே, அதேதான். நல்லதைச் சொல்ல ‘ஐ லேர்ன்ட் எ லாட் ஃப்ரம் ஹிம்’ போதும்.

‘ஐ வாஸ் ஹிஸ் பெட்’ என்று பெருமைப்படவும் வேண்டாம். ‘டீச்சர்ஸ் பெட்’ என்பது மற்ற மாணவர்கள் எரிச்சலோடு சொல்லும் பட்டம். அதே போல ‘புக்வோர்ம்’: தமிழில் புத்தகப்புழு என்றால் பாடப் புத்தகத்தை விட்டுத் தலைநிமிராதவர் என்ற கேலி ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தில் அது கதை, கட்டுரை என்று ஆசையாக வாசிப்பவர். தேர்வுக்கு உழைப்பவரைச் சொல்ல அது பயன்படாது.

பெயர் சொல்லும் முறையும் நம்முடையது வேறு. ‘மை மேத்ஸ் சார்’, ‘அவர் கெமிஸ்ட்ரி மிஸ்’ என்று வேண்டாம். ‘மை மேத்ஸ் டீச்சர், மிஸ்டர்…’ என்று தொடங்குங்கள். கல்லூரியில் படித்தவர்கள் ‘மை ஸ்டாஃப்’ என்பார்கள். ஸ்டாஃப் என்பது பணியாளர் அனைவரையும் சேர்த்துச் சொல்லும் சொல். ஒருவரைச் சொல்ல ‘ஒன் ஆஃப் மை லெக்சரர்ஸ்’. தனியார் பள்ளியின் ‘கரஸ்பாண்டென்ட்’ உங்களுக்கு உதவியிருந்தால், அந்தச் சொல்லைச் சொன்னதும் தேர்வாளர் மனதில் ஒரு செய்தியாளர்தான் வருவார். ‘தி பெர்சன் ஹூ ரன்ஸ் தி ஸ்கூல்’ என்றால் குழப்பமில்லை.

நாம் தினமும் பேசும் வேறு எந்தப் படிப்புச் சொற்கள் வெளியே புரியாது?

இதற்குப் பட்டியல் நீளம். முக்கியமானவை:

- ‘ஐ பை-ஹார்ட்டட் தி ஆன்ஸர்ஸ்’: பை ஹார்ட் வினைச்சொல் அல்ல. ‘ஐ லேர்ன்ட் தெம் பை ஹார்ட்’ அல்லது ‘ஐ மெமரைஸ்டு தெம்’. புரியாமல் கடம் அடித்ததைக் குறைசொல்ல ‘ரோட் லேர்னிங்’.
- ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2018’: மயக்கம் போட்டு விழுந்தேன் என்று பொருள்படும். ராணுவப் பயிற்சி முடிப்பவர்களுக்கு மட்டும் இது சரி. மற்றவர்கள் ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2018’.
- ‘ஐ ஹேவ் எ டவுட்’: ஐயம், நம்பிக்கையின்மை. கேள்வி கேட்க ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’. தேர்வாளரிடமே இதைச் சொல்லிவிடுகிறார்கள்.
- ‘ஐ ஹேட் டூ அரியர்ஸ்’: வாடகை பாக்கி என்று நினைப்பார். ‘ஐ ஹேட் டு ரீடேக் டூ பேப்பர்ஸ்’.
- ‘சென்டம்’: ‘ஃபுல் மார்க்ஸ்’ அல்லது ‘எ ஹண்ட்ரட் அவுட் ஆஃப் எ ஹண்ட்ரட்’.
- ‘போர்ஷன்’: சாப்பாட்டின் அளவு. ‘தி சிலபஸ்’.
- ‘கரஸ்’: ‘டிஸ்டன்ஸ் லேர்னிங்’.
- ‘டியூஷன்’: அமெரிக்கர் காதில் கல்விக் கட்டணம். ‘ஐ ஹேட் எ பிரைவேட் டியூட்டர்’ எங்கும் புரியும்.
- ‘ஃபிரெஷர்’: பிரிட்டனில் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர். வேலை தேடும் புதுப் பட்டதாரி என்றால் ‘எ ரீசண்ட் கிராஜுவேட்’.
- ‘ஹாஸ்டல்’: பயணிகள் தங்கும் மலிவு விடுதி. மாணவர் விடுதிக்கு பிரிட்டனில் ‘ஹால் ஆஃப் ரெசிடன்ஸ்’, அமெரிக்காவில் ‘டார்ம்’.
- ‘நீட்டை கிராக் பண்ணினேன்’: வெளியே கிராக் செய்வது ரகசியக் குறியீட்டையும் புதிரையும்தான். ‘ஐ டிட் வெல் இன் தி மெடிக்கல் என்ட்ரன்ஸ் எக்ஸாம்’. நீட் என்ற பெயரும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

‘பிளஸ் டூ’வுக்கு ‘மை ஃபைனல் இயர் ஆஃப் ஸ்கூல்’ என்பதே சுலபம். ‘பப்ளிக் ஸ்கூல்’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது: இங்கிலாந்தில் அது கட்டணம் மிகுந்த தனியார் பள்ளி, அமெரிக்காவில் அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி என்று தெளிவாகச் சொல்ல ‘கவர்ன்மென்ட் ஸ்கூல்’ அல்லது ‘ஸ்டேட் ஸ்கூல்’.

இந்தச் சொற்களில் எதுவும் கேவலம் இல்லை. இந்திய ஆங்கிலத்தில் இவை முறையாகவே புழங்குகின்றன. சிக்கல் என்னவென்றால், தேர்வாளர் புரியாமல் விழித்தால் நீங்கள் விளக்க நேரும், அதில் பேச்சின் ஓட்டம் அறுந்துபோகும்.

இலங்கையில் படித்தவர்களுக்கும் இதே பிரச்சினையா?

கொஞ்சம் வேறு. ‘ஏ லெவல்’ என்றால் பிரிட்டிஷ் தேர்வாளருக்கு உடனே புரியும். ‘ஓ லெவல்’ அங்கே 1980-களின் இறுதியில் ஜிசிஎஸ்இ என்ற தேர்வுக்கு இடம்விட்டுவிட்டதால், ‘தி எக்ஸாம் வீ டேக் அட் சிக்ஸ்டீன்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ‘கம்பஸ் கிடைச்சது’ என்பதை அப்படியே ‘ஐ காட் கேம்பஸ்’ ஆக்க முடியாது. ‘ஐ காட் இன்டு யுனிவர்சிட்டி’ என்றுதான் சொல்ல வேண்டும். இசட் ஸ்கோர் பற்றிப் பேச்சு வந்தால் கணக்கை விளக்கத் தொடங்காமல், ‘எ ஸ்டாண்டர்டைஸ்டு ஸ்கோர் யூஸ்டு ஃபார் அட்மிஷன்’ என்று கடந்துபோங்கள்.

ஸ்டடி, லேர்ன், டீச் – எங்கே தவறு நடக்கிறது?

தமிழில் ‘படித்தேன்’ என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது: வாசித்தேன், பயின்றேன், கற்றேன். ஆங்கிலத்தில் மூன்றும் பிரியும். ‘ஸ்டடி’ என்பது முயற்சி, ‘லேர்ன்’ என்பது அதன் பலன். ‘ஐ ஸ்டடீட் ஃபார் த்ரீ அவர்ஸ் பட் லேர்ன்ட் நத்திங்’ என்று சொல்ல முடிவது அதனால்தான். செய்தித்தாளை ‘ஸ்டடி’ செய்வதில்லை, ‘ரீட்’ செய்கிறோம்.

‘லேர்ன் நாலெட்ஜ்’ என்று சேராது. ‘கெயின்’ அல்லது ‘அக்வயர்’ தான் சேரும். நாலெட்ஜ், ஹோம்வொர்க், ரிசர்ச், அட்வைஸ் நான்கும் எண்ண முடியாத பெயர்கள், கடைசியில் ‘ஸ்’ வராது. ‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ‘அபவுட்’ வராது. தேர்வை ‘டேக்’ அல்லது ‘சிட்’ செய்வார்கள். ‘ரைட் அன் எக்ஸாம்’ கனடாவில் கேட்கலாம், ஆனால் ‘டேக்’ எல்லா நாட்டிலும் செல்லும். தேர்வுக்கு முன் திருப்பிப் பார்ப்பதை பிரிட்டனில் ‘ரிவைஸ்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ரிவ்யூ’. முனைவர் பட்ட ஆய்வேடு பிரிட்டனில் ‘தீசிஸ்’, முதுகலைக்கு ‘டிசர்டேஷன்’, அமெரிக்காவில் நேர்மாறு.

தமிழ்ப் பழமொழியை மொழிபெயர்த்துச் சொல்லலாமா?

சொல்லலாம், அறிவித்துவிட்டுச் சொன்னால் நன்றாகவே எடுபடும். ‘தேர் இஸ் எ சேயிங் இன் டமில்’ என்று தொடங்கி, ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்பதன் கருத்தை இரண்டு எளிய வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘பிராக்டிஸ் மேக்ஸ் பெர்ஃபெக்ட்’ என்று தேய்ந்துபோன தொடரைச் சொல்வதைவிட இது நினைவில் நிற்கும்.

ஆனால் ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பதற்கு ஈடாக ‘யூ கான்ட் டீச் அன் ஓல்ட் டாக் நியூ டிரிக்ஸ்’ என்று போடுவதில் இரண்டு ஆபத்து. நம் பழமொழி குழந்தையை வளர்ப்பதைப் பற்றியது, அது முதியவர் மாற மாட்டார் என்பதைப் பற்றியது. எதிரே இருக்கும் தேர்வாளருக்கு வயது அறுபதாகவும் இருக்கலாம்.

மூன்றாம் பகுதியில் கருத்துக் கேள்விகளுக்கு என்ன சொல் வேண்டும்?

இங்கே மரபுத்தொடரை ஓரம் வைத்துவிட்டுத் துறைச் சொற்களை எடுங்கள். ‘என்ரோல்மென்ட்’, ‘அட்டெண்டன்ஸ்’, ‘டிராப்-அவுட் ரேட்’, ‘கன்டினியூவஸ் அசஸ்மென்ட்’, ‘வொகேஷனல் டிரெயினிங்’, ‘கிரிட்டிகல் திங்கிங்’, ‘மிக்ஸ்டு எபிலிட்டி கிளாஸ்’. மாணவருக்கு எல்லாவற்றையும் ஊட்டிவிடும் முறையைக் குறைகூற ‘ஸ்பூன்-ஃபீட்’ அருமையாகப் பொருந்தும்.

சொல்லைவிட இங்கே பலர் தவறவிடுவது உதாரணம். ‘கல்வி இலவசமாக இருக்க வேண்டுமா’ என்று கேட்டால் ‘எஜுகேஷன் இஸ் வெரி இம்பார்டண்ட்’ என்று மூன்று முறை சுற்றிவருவார்கள். உங்களிடம் நல்ல சரக்கு இருக்கிறது. காமராஜர் ஆட்சியில் 1950-களில் பள்ளிகளில் மதிய உணவு, 1982-ல் எம்ஜிஆர் ஆட்சியில் சத்துணவுத் திட்டம், 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. ‘நூன் மீல்’ என்று சொல்லாமல் ‘ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸ்’ என்றால் போதும். பிறகு காரணத்தைச் சொல்லுங்கள்: வயிறு நிறைந்தால் வருகை கூடும், பெற்றோர் பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்ப ஒரு காரணம் கிடைக்கும். இலவசம் என்றால் கட்டணம் மட்டுமல்ல, சாப்பாடும் போக்குவரத்தும் சேர்ந்ததுதான் என்று வாதம் தானாக விரியும். தலைவர்களின் பெயரை அடுக்க வேண்டாம். ‘இன் மை ஸ்டேட்’ என்று தொடங்கினால் போதும்.

எழுத்துத் தேர்விலும் மரபுத்தொடர் எழுதலாமா?

வேண்டாம். இரண்டாம் பணிக் கட்டுரை 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொல், நடை முறையானது. ‘ஹிட் தி புக்ஸ்’ (மும்முரமாகப் படிப்பது) அங்கே செருப்போடு பூஜையறைக்குள் போவது போல. ‘ஃப்ளையிங் கலர்ஸ்’ வேண்டிய இடத்தில் ‘அச்சீவ் ஹை கிரேட்ஸ்’ என்று எழுதுங்கள். கேட்டல் தேர்வின் மூன்றாம் பகுதியில் மாணவர்களும் டியூட்டரும் பேசுவது வழக்கம் என்பதால், ‘எக்ஸ்டென்ஷன்’, ‘மாட்யூல்’, ‘ஹேண்ட் இன்’ போன்றவை அங்கே காதுக்கு உதவும்.

உச்சரிப்பில் எந்தச் சொற்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

அழுத்தம் விழும் அசைதான் முதல் சிக்கல். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்கிறோம். ‘சிலபஸ்’ முதல் அசையில் அழுத்தம். ‘கரிக்குலம்’, ‘வொகேபுலரி’, ‘அசஸ்மென்ட்’ மூன்றும் இரண்டாம் அசையில். ‘எஜுகேஷன்’, ‘அகடெமிக்’, ‘யுனிவர்சிட்டி’ மூன்றாம் அசையில். ‘ஸ்கூல்’, ‘ஸ்டூடண்ட்’ முன்னால் ஓர் ‘இ’ ஒட்டிக்கொள்கிறதா என்று உங்கள் பதிவைக் கேட்டுப் பாருங்கள். ‘வொகேஷனல்’ தொழிற்கல்வி, ‘வெகேஷன்’ விடுமுறை. முதல் உயிரெழுத்தில் சறுக்கினால் தொழிற்கல்வி விடுமுறைக் கல்வியாகிவிடும்.

எப்படிப் பயிற்சி செய்வது?

இரண்டு வாரத்துக்கு ஆறு தொடர் போதும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையில் உண்மையாக நடந்ததை வைத்து மூன்று வாக்கியம், வெவ்வேறு காலத்தில் எழுதுங்கள். இணையத்தில் கிடைத்த வாக்கியத்தை நகலெடுத்தால் தேர்வறையில் அந்த நபரின் வாழ்க்கைதான் வாயில் வரும். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் தாளைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். மறதி தொடக்கத்தில்தான் வேகமாக நடக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-ல் தன்னையே சோதித்துக் காட்டினார், அதனால் முதல் நாள் இடைவெளியைத் தவறவிடாதீர்கள்.

பிறகு செல்பேசியில் இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். நிதானமாகப் பேசினால் 220 முதல் 260 சொல் வரும். கேட்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தொடருக்கு முன்னால் வேகம் குறைகிறதா, சொல்லி முடித்ததும் குரல் உயர்கிறதா? அப்படியென்றால் அது இன்னும் இரவல் சொத்து. தேர்வுக்கு எடுத்துப்போக வேண்டாம்.

முழுப் பதிலையும் உருப்போடுவது இதைவிட மோசம். ஒப்பிக்கும் குரலைத் தேர்வாளர் எளிதில் கண்டுகொள்வார். கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் அடுத்த வாக்கியம் வராது.

பேசும்போது தொடர் பாதியில் மறந்துபோனால்?

பின்னால் போகாதீர்கள். ‘பாஸ்டு வித்…’ என்று நின்றுவிட்டால், ‘வித் வெரி குட் மார்க்ஸ்’ என்று முடித்துவிட்டு நகருங்கள். கேட்பவருக்கு அதில் பிழையே தெரியாது. சொல் கிடைக்காதபோது வேறு சொல்லால் பொருளை உணர்த்துவதும் சொல்வள மதிப்பீட்டில் பார்க்கப்படும் திறன். ‘சாரி, ஐ ஃபர்காட் தி இடியம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.